ஆறு மணிக்கு மேல் ஆளில்லாத மாடிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? நான் நலம், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததைச் சொன்னேனே! மாலை ஆறுக்கு மேல் ஆளில்லை என்று எழுதி ஒட்டி, எல்லா மாடிகளிலும் ஏசியை நிறுத்தினேன். மின்சாரச் செலவு மளமளவென்று இறங்கியது. மேலாளருக்கு ஒரே பூரிப்பு.

நான்காம் நாள், ஆறுக்கு மேல் பெருக்க வரும் அக்கா புழுக்கத்தில் மயங்கிப் படிக்கட்டில் சாய்ந்துவிட்டார். ஜன்னல் திறக்காத கண்ணாடிக் கட்டடம் அல்லவா? அன்று தாமதமாகக் கிளம்பிய நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

"ஆளே இல்லைன்னு எழுதினது நீதானா? அப்ப நாங்க யாரும்மா?" என்றார்.

மறுநாள் மேலாளரிடம் மல்லுக்கட்டி, பெருக்கும் வேலையைப் பகலுக்கு மாற்றவைத்தேன். கவலைப்படாதீர்கள், அக்கா இப்போது தெம்பாக இருக்கிறார். இருட்டுவதற்குள் வீட்டுக்கும் போய்விடுகிறார். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். போனில் பேச ஒன்றுமில்லை என்று உடனே வைத்துவிடாதீர்கள் அப்பா. பக்கத்தில் டிவி ஓடட்டும், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேலாளர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்