மஞ்சள் அணி மேலே போன வாரம்

திங்கள்
காலையிலிருந்து தூறல். வெள்ளி மத்தியானம் லீவு கேட்டேன். கிடைத்தது. பதிலுக்கு ஞாயிறு பகல் பஸ் ஓட்ட வேண்டும். ஓட்டித் தொலைக்கலாம்.

வெள்ளி பஹ்ரைனில் எங்கள் மஞ்சள் உதைபந்தாட்ட அணிக்குக் கடைசி ஆட்டம். கீழ்ப் பிரிவில் மூன்றாமிடம். மேல் பிரிவில் கடைசிக்கு முந்திய அணியோடு மோத வேண்டும். வென்றால் மேலே. தோற்றால் பழையபடி கீழே. நானும் ரவியும் அங்கே லோண்டரியில் வேலை செய்தபோது இவர்களின் உடுப்பைத் தோய்த்தது நாங்கள்தான். மைதானக் காவல்காரர் சும்மா உள்ளே விடுவார். இப்படியொரு ஆட்டம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது என்று அன்றைக்கே சத்தியம்.

ரவிக்குப் போக முடியாதாம். கடைக்கு ஆளில்லை என்கிறான். சரி, வழக்கம்போல இங்கே அப்டன் பார்க்கில், அவனுடைய போன் கடைப் பின்னறையில் பார்ப்பது.

வாங்க வேண்டியவை: பால், மனைவி வதனாவின் முழங்காலுக்குப் பூசும் மருந்து.

செவ்வாய்
ரவி போன். "மச்சான், மேட்ச் தள்ளிப் போட்டாங்களாம். அடுத்த கிழமையாம். நான் சுவிசுக்குப் போறன், மாமிக்குச் சுகமில்லை."

"கடை?"

"தம்பி நிப்பான்."

திங்கள் இல்லாத தம்பி செவ்வாய் எப்படி முளைத்தான்? கேட்கவில்லை. நோயாளி விஷயம்.

புதன்
வெயில்! மருந்து மறந்துபோனேன். வதனாவிடம் ஏச்சு.

வெள்ளி
லீவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிந்திய சோறு, கணவாய்க் கறி. சாப்பிட்டபடி சும்மா போனைத் தட்டினால் ஆட்டம் ஓடுகிறது. தள்ளிப் போடவுமில்லை, ஒன்றுமில்லை. ரவிக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

இடைவேளையில் கமெரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. கூட்டமென்ன கூட்டம், அரை பஸ் ஆட்கள். நடுவில் மஞ்சள் சால்வையோடு ரவி. கடலை கொறிக்கிறான்.

வதனாவைக் கூப்பிட்டேன். அவள் கண்ணாடியைத் தேடவேயில்லை. "ரவியண்ணைதான்" என்றாள், பார்க்காமலே.

"உமக்குத் தெரியுமே?"

"அவற்ர மனிசி சொன்னவ. நீங்கள் பாத்தா தோக்குமாம். கோவிக்காதேங்கோ."

ஒவ்வொரு தோல்விக்கும் ரவி "உன்ர கண்ணடா" என்பான். நானும் கூடச் சிரிப்பேன். பகிடி என்று நினைத்தது நான் ஒருவன்தான் போல. இவளும் எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டாள். 

நிறுத்தவில்லை. தோற்கட்டும் என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மஞ்சளுக்கு எதிராக, வாழ்க்கையில் முதல் தடவை. முடிகிற நேரம் கோர்னர், தலையால் ஒரு தட்டு, கோல். மேலே போய்விட்டோம். நான் எழும்பவில்லை. சோறு கையில் காய்ந்து ஒட்டியிருந்தது. அங்கே ரவி முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிப்பிடித்து அழுகிறான். அது நான் நிற்க வேண்டிய இடம்.

சனி
வதனாவோடு பேச்சில்லை. மருந்து மட்டும் வாங்கி வைத்தேன்.

ஞாயிறு
மழை. குரோய்டனில் நெரிசல். வேலை முடிந்து வந்தால் வரவேற்பறையில் ரவி. மேசையில் சுவிஸ் சொக்லேட், விலைச்சீட்டில் அரபு எழுத்து. அதையாவது கிழித்திருக்கலாம்.

"மாமி எப்பிடி?"

"பரவாயில்லை மச்சான்." பிறகு மெதுவாக, "நாங்கள் மேல போயிட்டம், தெரியுமே? நீ பாக்கேல்லைத்தானே?"

"பாத்தனான். தோக்கோணுமெண்டு பாத்தனான். உன்னையும் பாத்தனான்."

தலை குனிவான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நீ பாத்துமோ வெண்டது? அப்ப உன்ர கண்ணில ஒண்டுமில்லையடா! அடுத்த சீசன் சேர்ந்தே பாப்பம்."

வாசலுக்குப் போய் அவன் சப்பாத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன்.