குருவி தலையில் எட்டு சிலிண்டர்

ஷார்ஜா, ரோலா
ஞாயிறு மாலை

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து, என் நண்பன் கௌரிசங்கருக்குப் பத்மநாபன் எழுதுவது.

இங்கே நானும் ஷியாமளாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் ஒரு ‘ம்’ வரும், அதுவும் நீ போனை எடுத்தால். வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினாலும் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் கடுதாசி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப் சதக்கத்துல்லா பாய் லீவுக்குக் கீழக்கரை போகிறார். திருச்சியில் இறங்கியதும் நேரே உன் வீட்டுக்கு வந்து இதை உன் கையில் கொடுப்பார். திரும்பி வரும்போது மறுபடி வந்து பதிலை வாங்கிக்கொள்வார். பதில் இல்லாமல் பாய் நகர மாட்டார், உன் பாச்சா அவரிடம் பலிக்காது.

முதலில் ஆபீஸ் விஷயம். உன் மேனேஜரை நானே போய்ப் பார்த்தேன். டிசைன் வேலைக்குக் கை இருந்தால் போதும், கௌரிசங்கர் வரட்டும், சீட் அப்படியே இருக்கிறது என்றார். நல்ல மனிதர். ஆனால் நாட்டுக்கு வெளியே ஆறு மாசம் தாண்டினால் விசா செத்துப்போகும் என்பது உனக்குத் தெரியாததல்ல. லீவுக்குப் போன இடத்தில், விராலிமலை ரோட்டில் அந்த லாரிக்காரன் உன்னை இடித்து நாலு மாசம் ஆகிவிட்டது. செயற்கைக் கால் வந்து அலமாரியில் தூங்குகிறது, தொடவே மாட்டேன் என்கிறார் என்று அகிலா ஷியாமளாவிடம் சொல்லி அழுதாளாம். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய்.

இப்போது முக்கியமான சமாச்சாரம், நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டுகிற கார். இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை நீ வெல்டிங் பிடிக்க, நான் திட்டு வாங்க, ஒரு வழியாக உருவம் வந்ததல்லவா? அது பாயின் ஷெட் மூலையில் அப்படியே நிற்கிறது. சேசிஸ் இருக்கிறது, பாடி இருக்கிறது, நாலு சக்கரமும் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் பாக்கி. எத்தனை நாள்தான் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது? பழைய பாகங்கள் விற்கிற மார்க்கெட்டுக்குப் போய் நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாலு லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின், கூடவே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஒரு பெரிய ஜீப்பிலிருந்து கழற்றியது. ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள், தரை அதிர்ந்தது. கல்ஃபில் இருந்துகொண்டு சின்ன எஞ்சின் போட்டால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

ஆட்டோமேட்டிக் ஏன் என்று கேட்பாய். ஷார்ஜா துபாய் ரோட்டு டிராஃபிக்கில் கிளட்ச்சை மிதித்து மிதித்து யாரால் முடியும்? வேறு காரணம் எதுவும் இல்லை. என்ன, அந்தக் கியர்பாக்ஸ் கொஞ்சம் தடி. இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீ வெல்டிங் பிடித்த டனல் பைப் நாலைந்தை அறுத்தால்தான் உட்காரும். அடுத்த சனிக்கிழமை அறுத்துவிடலாம் என்றிருக்கிறேன். உன் அபிப்பிராயம் எதுவும் தேவையில்லை, சும்மா தகவலுக்கு.

அகிலாவுக்கு என் அன்பு. பேரீச்சம்பழம் முழுவதையும் நீயே தின்றுவிடாதே.

உன் அன்பும் அவஸ்தையுமான,
பத்மநாபன்

*

திருச்சி

புத்தி கெட்ட பத்மநாபனுக்கு,

பாய் வாசலில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எழுதுகிறேன்.

நீ இன்ஜினியரிங் படித்தாயா, இல்லை காலேஜ் கேன்டீனில் வடை தின்றுவிட்டு வந்துவிட்டாயா? நாலு லிட்டர் வி-எய்ட்! குருவி தலையில் பனங்காய் என்று கேள்விப்பட்டதில்லையா? அந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் நம் காரின் மொத்த எடையில் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். மூக்கு தரையில் இடிக்கும். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி உன்னைக் கேட்காமல் நேரே போகும். நாலு பேர் சிரிப்பார்கள் என்கிறாயே, மணலுக்குள் கிடக்கும்போது நாற்பது பேர் சிரிப்பார்கள். கூட வரைபடம் வைத்திருக்கிறேன், எடை எங்கே எவ்வளவு விழுகிறது என்று கண்ணைத் திறந்து பார். நாம் முதலில் பேசியதே சரி. இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், ஐந்து கியர் மேனுவல். என் டனல் பைப்பில் ரம்பத்தை வைத்தாயோ, நம் சிநேகிதம் அத்தோடு கலாஸ்.

ஆட்டோமேட்டிக் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? டிராஃபிக்காம் டிராஃபிக்! நம்பர் பிளேட் கிடைக்குமா என்றே தெரியாத காருக்கு டிராஃபிக் ஒரு கேடா? என் இடது கால் போனதற்காக ஒரு நல்ல காரைக் கெடுக்காதே, பத்து. கியர் மாற்றும்போது வண்டி நம் கையோடு பேச வேண்டும் என்று சொன்னவன் நான். எனக்காக அதை ஊமையாக்கினால் எனக்குத் தாங்காது. அந்தச் செயற்கைக் காலைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது. நான் அங்கே வந்து என்ன பண்ண? விசா போனால் போகட்டும். மேனுவலே போடு, நீயே ஓட்டு. நன்றாக ஓட்டு.

கௌரி

பத்மநாபன் அண்ணாவுக்கு அகிலா எழுதிக்கொள்வது. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதிச் சேர்க்கிறேன். பாய் போன தடவை கொடுத்த உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவர் வீடே கிடுகிடுக்கக் கத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்துவிட்டது. படம் போட ஸ்கேல் கேட்டார். மாடியில் இருக்கிறது, அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் எடுத்துத் தருகிறேன் என்றேன். பொறுமை இல்லை மனுஷனுக்கு. அந்தக் காலை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே ஏறிப் போனார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். அண்ணா, தயவுசெய்து இன்னும் ஏதாவது தப்பாக எழுதுங்கள்.

*

ஷார்ஜா, ரோலா
புதன்கிழமை

என் மதிப்புக்குரிய வாத்தியார் கௌரிசங்கருக்கு,

உன் திட்டு கிடைத்தது. படித்து இரண்டு கிலோ எடை கூடிவிட்டேன். பாய் அடுத்து எப்போது ஊருக்குப் போவாரோ, அதுவரை பொறுக்க முடியாது என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

எட்டு சிலிண்டர் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பாகிஸ்தான் பட்டாணியர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த வண்டிக்கு என்று நான் படத்தைக் காட்டியபோதே தனக்குச் சிரிப்பு வந்ததாம், மரியாதைக்காக அடக்கிக்கொண்டாராம். ஆக, நான் முட்டாள் என்பது மார்க்கெட் வரைக்கும் தெரிந்திருக்கிறது. சத்தியமாக உன்னை உசுப்பிவிடுவதற்காக அப்படி எழுதவில்லை, நிஜமாகவே அதுதான் சரி என்று நினைத்தேன். ஷியாமளா நம்ப மாட்டேன் என்கிறாள். உன் கண்ணுக்கும் நான் சாமர்த்தியசாலியாகத் தெரிந்தால் அப்படியே வைத்துக்கொள்.

ஆனால் மேனுவல் போட்டு நீயே ஓட்டு என்றாயே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. ஆட்டோமேட்டிக் என்றால் உனக்குப் பிடிக்காது, கிளட்ச் என்றால் உன்னால் மிதிக்க முடியாது. இரண்டு நாள் இதையே வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷியாமளாவோடு ரோலா சிக்னலில் நிற்கும்போதும் அதே புலம்பல். பக்கத்தில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன் ஒருவன் பைக்கில் நின்றான். ஷியாமளா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவன் கிளட்ச்சைக் காலாலா மிதிக்கிறான் என்று கேட்டாள். இல்லை, இடது கையால் பிடிக்கிறான் என்றேன். அப்படியானால் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற உங்கள் இரண்டு பேருக்கும் எவன் டிகிரி கொடுத்தான் என்று கேட்டாளே பார்க்கலாம். சிக்னல் பச்சையானதுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற லேண்ட்க்ரூசர்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்.

யோசித்துப் பார், கௌரி. காலேஜ் நாளில் பைக் இல்லாமல் நாம் பாத்ரூம்கூடப் போனதில்லை. அப்படிப்பட்ட இரண்டு மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் ஒரு இடது காலை நினைத்து முட்டி மோதிக்கொண்டிருந்திருக்கிறோம்! பைக் எஞ்சினையே போட்டுவிடலாம். மார்க்கெட்டில் விசாரித்தேன், விபத்தில் நசுங்கிய பெரிய ஜப்பான் பைக் ஒன்றின் ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சின் வந்திருக்கிறது. அடி எஞ்சின் வரை போகவில்லை. நம் காரின் எடைக்கு அந்தச் சக்தி தாராளம். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடக்கம், டனலில் பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் மட்டும்தான் போகும். உன் பைப் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். இங்கேதான் ஸ்டீயரிங் இடது பக்கமாயிற்றே, வலது கைக்குக் கியர் கம்பி, இடது கைக்கு ஸ்டீயரிங்கின் ஓரத்திலேயே கிளட்ச் பிடி. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் வலது காலுக்கு. கியர் ஒவ்வொன்றும் டக் டக்கென்று விழும், உன் கையோடு வாய் ஓயாமல் பேசும். எங்கே தப்பு இருக்கிறது, நீதான் சொல்லேன். பாயின் மச்சான் ராஸ் அல் கைமாவில் குவாரி யார்டு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். லீவு நாளில் காலியாகத்தான் கிடக்கிறது, நம்பர் பிளேட் இல்லாமலே அங்கே ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. பைக் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் கிடையாது. எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால் ஒருத்தன் இறங்கித் தள்ள வேண்டும், ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். தனி ஆளால் ஆகிற வண்டி இல்லை இது. இதற்கு ஒரு மோட்டார் வைக்கலாம், விற்கிறது, நான் வாங்கப் போவதில்லை.

தள்ளுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எத்தனை தடவை நின்றாலும் வாயைத் திறக்காமல் இறங்கித் தள்ளுவேன். நீ இல்லாமல் அந்த ஷெட்டுக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லைடா. இங்குள்ள உன் வீட்டுச் சாவி ஷியாமளாவிடம் இருக்கிறது, கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாள். உனக்கும் தங்கச்சி அகிலாவுக்கும் ஒரு குறையும் வராது. விசா முடிவதற்குள் டிக்கெட்டைப் போட்டுவிட்டு வந்து உட்காரு.

உன் தள்ளுவண்டிக்காரன்,
பத்மநாபன்