சும்மா இருந்த தொட்டி

2008 ஜூலை 7
துறை ஆய்வகத்தில் வெள்ளையடிக்கிறார்கள். அதனால் சிதம்பரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக் கொல்லையில் இரண்டு தொட்டிகள். இரண்டிலும் வெள்ளாற்று நீர். மிதவை உயிரிகள் மண்டிய கலங்கல் பச்சை. ஒன்றில் மட்டும் படகடியில் சுரண்டி எடுத்த அந்நியச் சிப்பிகள். கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்தவை. மீன்குஞ்சுக்கு மிச்சம் வைக்காமல் பச்சையைத் தின்று தீர்ப்பவை — என் வாதம். மற்ற தொட்டி ஒப்பிட்டுப் பார்க்க; சும்மா இருக்க வேண்டும். என்னைப் போல.

வீட்டுக்கார மங்கலம் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏம்பா கதிரு, இதுலயா குளிக்கப் போற?"
"ஆராய்ச்சிக்கா."
"ஏன், காலேஜுல நல்ல தண்ணி இல்லியா?"

ஜூலை 10
சிப்பித் தொட்டி தெளிகிறது. சந்தோஷம். சந்தோஷம் என்றாலே சந்தேகம்.

ஜூலை 12
இரண்டும் தெளிந்துவிட்டன.
சும்மா இருந்ததும். ஒரு சிப்பிகூட இல்லாமல்.
அப்படியானால் சிப்பி நிரபராதியா? என் இரண்டு வருடம்?

ஜூலை 14
நெறியாளர் மணவாளன் சார்: "சிப்பி இல்லாமயே தெளியுதுன்னா சிப்பி எதுக்கு? நீ எதுக்கு?" இரண்டாவது கேள்வி எனக்கும் உண்டு. மாதக் கடைசிக்குள் நிரூபிக்காவிட்டால் தலைப்பு மாறும். இறால் தீவனம்.

ஜூலை 15
சும்மா தொட்டியின் உள்சுவரில் யாரோ தேய்த்த தடம். அடியில் பச்சை சேறாக உட்கார்ந்திருக்கிறது. யாரும் தின்னவில்லை. படிந்திருக்கிறது.

"அக்கா, இதுல ஏதாவது போட்டீங்களா?"
"ஒண்ணும் போடல. தண்ணி தெளியத் தேத்தாங்கொட்டைய எடுத்து நாலு தேய்ப்பு தேச்சு வுட்டேன். பக்கத்துத் தொட்டி பளிச்சுனு கெடக்கு, இது மட்டும் பாவம். ஒரே கொல்லையில ஓரவஞ்சனை பண்ணலாமா?"
"ஐயோ அக்கா, அது கலங்கித்தான் இருக்கணும்!"
"அதுக்கா படிச்ச?"
விளக்கினேன். கடைசியில், "சரி, தொடல. ஆனா பாக்கச் சகிக்கல."

ஜூலை 17
புதுத் தண்ணீர். மறுபடி முதலிலிருந்து. கொல்லைக்கு வந்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தேத்தாங்கொட்டை டப்பா பரணுக்குப் போய்விட்டதாம்.

ஜூலை 23
சிப்பித் தொட்டி கண்ணாடி. சும்மா தொட்டி அசிங்கமான, அற்புதமான பச்சை. நுண்ணோக்கியில் பார்த்தால் இங்கே சந்தைக் கூட்டம், அங்கே பந்த்.
சார் வந்து பார்த்தார். "இறால் வேணாம்."

2010 மார்ச் 3
ஆய்வேடு கொடுத்தாயிற்று. நன்றியுரையில் ஒரு வரி: 'எதுவும் செய்யாமல் இருந்த மங்கலம் அக்காவுக்கு.' அந்த வரியை அடிக்கப் பேனாவைத் திறந்த சார், மூடிவிட்டார்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அதாம்பா கஷ்டமா இருந்துச்சு."