உன் ஓட்டையும் நான்தான் போட்டேன்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி அப்படியேதான். நேற்றும் லிஃப்ட் பழுதென்று கூப்பிட்டார்கள். ஏழு மாடி படியேறிப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே.

சபைக்குப் பக்கத்துக் கிடங்கை வியாழக்கிழமை காலி செய்துவிட்டார்கள். சண்டைக்குத் தப்பி வந்து அங்கே தங்கியிருந்த அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றி எல்லை முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். புது மேயர் பதவியேற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. உன் அம்மாவைக் கடைசி இரண்டு மாதமும் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட அந்தக் கிடங்கு அத்தையும் அதே பஸ்ஸில் போய்விட்டாள். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, ஜெபத்துல எங்களை மறந்துடாதீங்க" என்றாள். நான் கையை உருவிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். மேயர் தேர்தலுக்கு உன்னால் வர முடியாது என்று உன் ஓட்டையும் என்னையே போடச் சொல்லி அதிகாரப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். அந்த அத்தைக்காகவே, கிடங்குக்காரர்களை அனுப்பக் கூடாது என்று பேசிய டீச்சரம்மாவுக்குப் போடச் சொன்னாய். நான் போடவில்லை. இரண்டு ஓட்டையும் இப்போது மேயராகியிருக்கும் இந்த ஆளுக்கே போட்டேன்.

சபையில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம். ஆண்டவர் அனுப்பிய ஆள் என்று பாஸ்டர் சொன்னார். எதிர்த்துப் பேசிய உங்கள் வயசுப் பிள்ளைகளை, வேதம் தெரியாத விடலைகள் என்று அடக்கினோம். அந்நியரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்ன வசனத்தை ஒருத்தன் எடுத்துக் காட்டினான். அது பரலோகக் காரியம், ஓட்டுக்கு இல்லை என்றேன். ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷம் அதையே பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைத்தவன் நான்! தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லிக் கட்டளை இருக்கிறதே, அப்பன் பக்கம்தானே மகள் ஓட்டும் போகவேண்டும் என்று எனக்கு வசதியாக வியாக்கியானம் வேறு. சாயங்காலம் நீ போன் பண்ணி, "போட்டுட்டீங்களாப்பா?" என்றாய். "போட்டாச்சும்மா" என்றேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தூங்கப் போய்விட்டேன். என்ன மனுஷன் நான்.

ஆயிரக்கணக்கில் ஜெயித்தவருக்கு இரண்டு ஓட்டு என்ன கணக்கு என்று பாஸ்டர் தேற்றுகிறார். அவருக்கென்ன, சொல்லுவார். அந்த அத்தையை அனுப்பினவர்களில் உன்னையும் சேர்த்துவிட்டேனே அம்மா.

அடுத்த தேர்தலுக்கு வேறு யாருக்காவது எழுதிக் கொடு. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர் மன்னிப்பார். உன்னிடம் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. திட்டியாவது ஒரு வரி எழுது, கண்ணு.

உன் அப்பா