கீழே இன்னும் மூன்று பேர்

கே.கே. நகர்,
திருச்சி.

அன்பு மகள் பிரான்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதா துணை இருக்கட்டும். என்னடா அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன்.

அப்பா ரிட்டையர் ஆன பிறகு எந்நேரமும் போனும் கையுமாக இருந்தது உனக்குத் தெரியும். யாரோ ஒரு வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். தினமும் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம். முதலில் வந்தது, பொய் சொல்லக் கூடாது. போன வருஷ ஈஸ்டருக்கு உனக்குச் சேலை எடுத்து அனுப்பினாரே, அந்தப் பணத்தில்தான். அப்புறம், பணம் கட்டினால் மேல் லெவல், கீழே ஆள் சேர்த்தால் கமிஷன் என்றார்கள். மன்னார்புரத்தில் ஒரு ஹாலில் மீட்டிங் வைத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோட்டு போட்ட ஒருவன் மேடையில் கார் சாவியை ஆட்டிக் காட்டினான். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் கேட்டேன், "இவங்க என்னங்க விக்கிறாங்க?" என்று. "ஆள் சேர்ந்தாலே போதும், பொருள் எதுக்கு?" என்றார். "அப்ப சேர ஆள் இல்லாமப் போனா?" என்றேன். "உனக்கு இதெல்லாம் புரியாது மேரி" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் முதலில் சேர்த்துவிட்டது ஸ்ரீரங்கம் லக்ஷ்மணன் அண்ணனை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்பாவோடு காலமெல்லாம் ஒன்றாக வேலை பார்த்தவர். சௌமியா அண்ணியின் கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணத்தைத்தான் அவர் போட்டார். அப்பா சொன்னார் என்ற ஒரே நம்பிக்கை.

இந்த வருஷத் தவக்காலத்துக்கு முன்பே, போட்ட பணத்தை எடுக்க முடியாமல் போய்விட்டது போலிருக்கிறது. எனக்குத் தெரிந்தது மழைக்காலத்தில்தான். வரி கட்டினால் விடுவோம் என்றார்களாம். அப்பா கட்டினார். அதற்குப் பிறகு, கீழே இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் எல்லாம் வந்துவிடும் என்றார்களாம். அப்பா மனதில் நினைத்திருந்த மூன்று பேரில் நீயும் மாப்பிள்ளையும் இருந்தீர்கள். "பெத்த பிள்ளையை நான் ஏமாத்துவேனா? நம்ம பணம் வந்ததும் அவங்க பணத்தை முதல்ல எடுத்துக் குடுத்துருவேன்" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் பிரான்சி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் நான் தனியாக பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். "போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுங்கண்ணே. அவர் பேரையும் சேர்த்தே எழுதுங்க" என்றேன். லக்ஷ்மணன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ராஜு பேரை நான் எப்படிம்மா எழுதுவேன்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணிதான் உள்ளேயிருந்து வந்து, "மேரி சொல்றது சரிதாங்க. இன்னொரு வீட்டுக்கு இது போகக் கூடாது" என்றார். அவருக்கு ஒரு கண் இப்போது மங்கலாகத்தான் தெரிகிறது. காபி டம்ளரைத் தடவித்தான் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். கத்தினார். என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறாயா என்று கேட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சமைத்து வைப்பேன், வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

சைபர் கிரைம் ஆபீசுக்கு நானும் லக்ஷ்மணன் அண்ணனும் போனோம். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர், "உங்களைச் சேர்த்துவிட்டது யாரு?" என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நானும் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். அப்போது பின்னாலிருந்து அப்பா குரல். எங்களுக்குப் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். "நான்தான் சார் சேர்த்துவிட்டேன். அடைக்கலராஜ்னு எழுதிக்குங்க" என்றார். லக்ஷ்மணன் அண்ணன் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார். அப்பா உட்காரவில்லை.

பணம் திரும்புமா என்பது நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்களும் ஏமாந்தவர்தான் என்று அப்பாவிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர் அதோடு ஒடுங்கிப்போய்விட்டார். வாக்கிங் கிடையாது. பூசைக்கு வந்தாலும் கடைசி வரிசையில் நின்றுவிட்டு முதலில் வெளியே போய்விடுகிறார். லக்ஷ்மணன் அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை.

இப்போது புதிதாக ஒருவன் அப்பாவுக்குப் போன் செய்கிறான். போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கொஞ்சம் ஃபீஸ் அனுப்புங்கள் என்கிறான். அவனும் அதே கூட்டம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணியின் கண்ணுக்காவது ஒரு வழி பிறக்காதா என்கிறார். என்னிடம் இனி போராடத் தெம்பில்லை.

அவர் உன்னிடம் கேட்பார். கொடுக்காதே. முடியாது அப்பா என்று நேராகவே சொல்லிவிடு, சாக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் சொன்ன கையோடு போனை வைத்துவிடாதே கண்ணு. உன் ஆபீசைப் பற்றிச் சொல். மாப்பிள்ளையிடமும் கொடு. நீ செல்லமாகக் கோபித்துக்கொண்டால்கூட அவருக்கு நல்லதுதான். அவர் யாரோடும் பேசுவதில்லை பிரான்சி.

மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பா பதில் பேசாமல் இருந்தாலும் லைனிலேயே இரு.

உன் அம்மா,
இருதயமேரி