அம்மா துலூஸுக்குச் சுற்றுலா வருகிறாள்

கீழ்க்கட்டளை
29 ஆகஸ்ட் 1993

அன்பு மகள் ஞானஜோதிக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்னவரும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். விசா கிடைத்துவிட்டது என்று தந்தி கொடுத்தேன், வந்திருக்கும். தந்தியில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதை விளக்கமாக எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பின்கட்டில் உனக்குப் பிரசவ மருந்து இடித்துக்கொண்டிருக்கிறாள். தும்மல் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

மாப்பிள்ளை அனுப்பிய அழைப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பல்லாவரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிற கிபாயத்துல்லா பாயிடம் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "சார், மாப்பிள்ளை கரெக்டா எழுதிக்கீறாரு. ஊர் சுத்திப் பாக்க வர்றாங்கன்னுதான் போட்டுக்கீறாரு. நீங்களும் அதையே சொல்லுங்க. பிரசவம், புள்ளைய வளக்கறதுன்னு வாயத் தொறந்தா அப்புறம் இவங்க அங்கேயே தங்கிடுவாங்கன்னு நெனைப்பாங்க, பேஜாராயிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவள் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்றாவது சொல்ல வேண்டாமா? உன் அம்மாவுக்குத் தெரிந்த ஊரெல்லாம் தாம்பரம், வேளாங்கண்ணி, அப்புறம் அவள் பிறந்த அனகாபுத்தூர். ஆகவே நீ போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய சுற்றுலாப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நானே பாடம் நடத்த வேண்டியதாயிற்று.

தையல் மெஷினுக்குப் பின்னால் நாற்காலி போட்டு நான் விசா அதிகாரியாக உட்காருவேன். அம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். "எந்த ஊருக்குப் போகிறீர்கள்?" என்று நான் கேட்டால், "துலுக்காணம்" என்பாள். துலூஸ் என்று நாக்கில் வரவைப்பதற்கே ஒரு வாரம் போயிற்று. ஊர் முழுக்க ரோஜா நிறச் செங்கல், கரோன் என்று ஒரு நதி, மரம் சூழ்ந்த பழைய கால்வாய், பக்கத்தில் ஆல்பி என்ற ஊரில் மலை மாதிரி ஒரு செங்கல் கோவில் என்று நான் சொல்லச் சொல்ல அவள் எல்லாவற்றுக்கும் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டாள். கரோன் என்றால் நம் அடையாறு, ஆனால் தண்ணீர் இருக்கும். ஆல்பி என்றால் ஆலப்புழை. அந்தப் பெரிய கோட்டை இருக்கிறதே, கர்கசோன், அது மட்டும் கடைசி வரை வாயில் நுழையவே இல்லை. கற்கண்டு, சோன்பப்டி இரண்டையும் நினைத்துக்கொள் என்றேன். அது பெரிய தப்பு. அதற்கப்புறம் கோட்டையைக் கேட்டால் முழுசாகக் "கற்கண்டு சோன்பப்டி" என்றே சொல்ல ஆரம்பித்தாள். மாதா காட்சி கொடுத்த லூர்து ஒன்றுதான் சொல்லிக்கொடுக்காமலே வந்தது, அதைக் கேட்டால் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு பதில் சொல்வாள்.

அடுத்த தெரு ஸ்ரீநிவாசன் சார் ஆபீஸ் வேலையாக ஒரு தடவை பாரிஸ் போய்வந்தவர் அல்லவா, அவரும் தினம் சாயங்காலம் வந்து புத்திமதி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊர் ரொட்டியை வைத்து ஆணி அடிக்கலாம் என்றார். வாத்துக்கறியும் மொச்சை மாதிரி வெள்ளைக் கொட்டையும் போட்டு ஒரு பெரிய சட்டியில் சமைப்பார்கள், அதுதான் உங்கள் பெண் இருக்கிற பக்கத்து விசேஷம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அம்மா என்னிடம், "இன்னாங்க, மொச்சைய வாயு புடிக்கும்னு வயித்துப் புள்ளக்காரி துன்னக் கூடாதே, ஜோதி துன்றாளா இன்னா?" என்று கேட்டுக் குடைகிறாள். அதற்கு மறக்காமல் பதில் எழுது.

பாயின் சம்சாரம் ஜஹீரா ஊட்டியில் வாங்கிய சுவெட்டரைக் கொடுத்தனுப்பினார். அதைப் போட்டு நடந்து பழக வேண்டும், உன் ஊருக்குத் தெற்கே பனிமலை வேறு இருக்கிறது என்று சொல்லி அம்மாவைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போய்ப் படி ஏறவைத்தேன். ஆகஸ்ட் வெயில். பாதிப் படியில் அவள் முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. மேலிருந்து இறங்கி வந்த ஒரு கன்னியாஸ்திரீ அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இப்படி மலேரியாக் குளிரில் நடுங்குகிறவரை வெயிலில் கூட்டி வரலாமா என்று என்னைப் பிடித்துக்கொண்டார். இவள் நடுங்கவே இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவுக்குப் பழகுகிறோம் சிஸ்டர் என்றேன். அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே ஜெபம் செய்தார்.

போன செவ்வாய்க்கிழமை விடியக்காலை தாம்பரத்தில் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போனோம். வழி முழுக்க ஒப்பித்துக்கொண்டே வந்தாள். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது பக்கத்து சீட்டு அம்மாள், "அந்தச் சோன்பப்டி எந்தக் கடையில நல்லா இருக்கும்?" என்று கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, "அது கோட்டைங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரெஞ்சு விசா ஆபீஸில் மனு போட்டவர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் எதிர்ச்சாரியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். அவள் வாசலில் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தாள் ஜோதி. கல்யாணத்தன்று கோவிலுக்குள் நுழையும்போதுகூட அவள் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

ரொம்ப நேரம் ஆயிற்று. அவளுக்குப் பின்னால் போனவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். போன வருஷம் உனக்கு அந்தக் கஷ்டம் வந்த செய்தி கேட்ட பிறகு இரண்டு பேரும் டெலிபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோமே, அது மாதிரியே இருந்தது. திடீரென்று மாடி ஜன்னல் திறந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஒரு நம்மூர்ப் பெண், நடுவில் உன் அம்மா, மூன்று பேரும் எட்டிப் பார்க்கிறார்கள். உன் அம்மா விரலை நீட்டி என்னைக் காட்டுகிறாள். சரி, பொய் சொன்னது தெரிந்துபோயிற்று, சொல்லிக்கொடுத்தவனைக் காட்டிக்கொடுக்கிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன். ஓடவா முடியும்? சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராக நிமிர்ந்து, ரயில்வேயில் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் வைக்கிற மாதிரி ஒரு சல்யூட் வைத்தேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜன்னல் சாத்திக்கொண்டது.

உள்ளே நடந்ததைத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் சொன்னாள். வெள்ளைக்கார அம்மாள்தான் அதிகாரி. கூட இருந்த ரமா என்ற பெண் கேள்வியைத் தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். எதற்குப் போகிறீர்கள் என்றதும் இவள் மூச்சு விடாமல் செங்கல், நதி, கால்வாய், ஆலப்புழை எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். அந்த அம்மாளுக்குச் சொந்த ஊரே அந்தப் பக்கம்தானாம்! சந்தோஷத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே, போய் இறங்கியதும் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இவள் யோசிக்காமல், "ஆஸ்பத்திரிய" என்றிருக்கிறாள்.

அவர்கள் பயந்துவிட்டார்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று ரமா கேட்க, இவள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எம்பொண்ணுக்கு மாசம் நெருங்குது. போன வருஷம் ஒண்ணு தங்கல. அன்னிக்கு அவ ஆஸ்பத்திரில தனியா படுத்துகினு இருந்தா, நான் கீழ்க்கட்டளையில மோர்க்குழம்பு தாளிச்சிகினு இருந்தேன், எனக்குத் தெரியவே தெரியாது. இந்தத் தடவை நான் அவ பக்கத்துல இருக்கணும். கோட்டையெல்லாம் எங்கியும் போயிடாது" என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். ரமா மாற்றிச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் பிடித்ததாம். அதிகாரி அம்மாள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவது என்ன குற்றமா, ஊர் பார்க்க என்றால் ஒரு மாதம்தான் கொடுத்திருப்பேன், பிள்ளைக்குத் தலை நிற்க வேண்டாமா என்று சொல்லி மூன்று மாதம் என்று எழுதினாராம். கர்கசோனை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியும் காட்டியிருக்கிறார். அதனால் பிரயோஜனம் ஒன்றும் இல்லை.

கடைசியில் உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டாராம். அதற்கு உன் அம்மா, "அவர் அங்க எல்லாத்தையும் பாத்துட்டார்மா" என்றிருக்கிறாள். எந்த வருஷம் போனார் என்று கேட்டதற்கு, "அவர் எங்க போனார், புஸ்தகத்தை வெச்சிகினு வூட்டுலயே பாத்துட்டார். அதோ கீழ நிக்கிறார் பாருங்க" என்று ஜன்னலண்டை கூட்டிப்போனாளாம். இதைச் சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள். நான் தூங்கவில்லை. அச்சிறுபாக்கம் தாண்டும் வரை வெளியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நான் சொல்கிறதைக் கவனமாகக் கேள். பிள்ளை பிறந்து, நீ எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு அம்மாவை வீட்டிலேயே அடைத்து வைக்காதே, அவளாகக் கேட்கமாட்டாள். முதலில் லூர்துக்குக் கூட்டிப் போங்கள், ரயிலில் ஜன்னல் சீட்டு கொடு. ரயில் ஏறுவதற்கு முன் அங்கே ஒரு மெஷினில் டிக்கெட்டைச் செருகி முத்திரை வாங்க வேண்டுமாமே, மறந்தால் அபராதம் என்று போட்டிருக்கிறது. ஆயுசு முழுக்க ரயில்வேயில் பார்சல் புக்கிங் பார்த்தவன் மனைவி டிக்கெட் தகராறில் மாட்டினாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். லூர்துத் தண்ணீர் நம் தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள், ஜஹீராவின் முழங்கால் வலிக்கு என்று பாயும் ஒரு பாட்டில் சொல்லியிருக்கிறார், சின்னப் பாட்டிலாகப் பிடிக்கச் சொல். கடைக்குள் நுழைந்ததும் போன்ஷூர் என்று வணக்கம் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களாம், அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், இப்போது கீழ்க்கட்டளை மளிகைக் கடையிலேயே சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்பதால் சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிடு. ஆல்பி கோவிலுக்குள் சுவர் முழுக்கச் சித்திரமாம், பொறுமையாகப் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதே. கோட்டையில் மட்டும் மேலே ஏறவிடாதே, கீழே நின்று பார்த்தால் போதும். எல்லா இடத்திலும் ஒரு போட்டோ எடு, கோவிலை எடுக்கிறேன் என்று அவளை எறும்பு மாதிரி எடுத்துவிடாதே, முகம் தெரிய வேண்டும்.

என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு ரசம் வைக்க வரும். ஏர்போர்ட்டுக்கு நீ வந்து நிற்காதே, மாப்பிள்ளை வந்தால் போதும். அவருக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். உன்னையும் உன் பிள்ளையையும் வேளாங்கண்ணி மாதா தன் மடியில் வைத்துக் காக்கட்டும். மாத்திரையை நேரத்துக்குப் போடு, கனமான வாளியைத் தூக்காதே. வலி முன்னாலேயே வந்துவிட்டால் அம்மா வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்று எழுத நினைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டு அம்மா, "அதெல்லாம் வராது, நான் வந்து எறங்கறவரைக்கும் அது இருக்கும்னு எழுதுங்க" என்கிறாள். எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவையும் பேரப்பிள்ளையின் வரவையும் சேர்த்து எதிர்பார்க்கும்
அப்பா லாசரஸ்