வாரண்டி இல்லை என்றுதான் சொன்னேன்

ஜூலை 9, 2007, திங்கள்

காலையிலிருந்து மழை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்பா பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு யார்டுக்குப் போனார். ஹவுராவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சியில் நிற்கிற ரயில் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து பிரேக் பார்க்கிற வேலை. மழைக்கெல்லாம் லீவு கிடையாது.

கல்லூரிக் கடிதம் வந்துவிட்டது! துர்காபூர். கம்ப்யூட்டர் சயன்ஸ். ஹாஸ்டல். நான்கு வருடம். கொண்டுவர வேண்டியவை: வாளி, கொசுவலை, பூட்டு இரண்டு, போட்டோ பன்னிரண்டு. கடைசி வரியில் லேப்டாப். ‘இருந்தால் நல்லது’ என்று போட்டிருக்கிறார்கள். என் கிளாஸ்மேட் ஷர்மிஷ்டாவின் அண்ணன் அங்கேதான் படிக்கிறான். சொந்தமாக இல்லாவிட்டால் லேபில் நிற்க வேண்டுமாம். சீனியர் பையன்கள் எழுந்தால்தான் பெண்களுக்கு இடமாம்.

நிற்க மாட்டேன்.

இந்த நோட்டைத் தமிழில் எழுதக் காரணம் என் தங்கை சித்ரா. எதைக் கண்டாலும் எடுத்துப் படிப்பாள். வங்காளி, ஹிந்தி, இங்கிலீஷ் எல்லாம் படிப்பாள். தமிழ் மட்டும் ஓர் எழுத்து தெரியாது. எனக்கு அம்மா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். சித்ராவின் முறை வந்தபோது அம்மாவுக்கு அலுத்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

ஜூலை 11, புதன்

ஷர்மிஷ்டாவோடு சாந்தினி மார்க்கெட். ஏழு லேப்டாப் கடை ஏறி இறங்கினோம். குடை ஒன்று, ஆள் இரண்டு. இடது தோள் முழுக்க நனைந்தது.

- கறுப்பு. 34,000. ஒரு வருட வாரண்டி. இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கத் தனியாக ஓர் அட்டை விற்கிறார்கள், அது 5,500.
- சாம்பல் நிறம். 41,500. அட்டை வேண்டாம், மூன்று வருடம் அதிலேயே உண்டு. ஹாஸ்டலுக்கே வந்து சரிசெய்வார்கள்.
- பில் போடாமல் 29,000. “வாரண்டி?” என்று கேட்டேன். கடைக்காரர் தன் நெஞ்சைத் தட்டி, “ஆமி ஆச்சி” என்றார். நான் இருக்கிறேன் என்கிறார்! நான்கு வருடமும் துர்காபூரில் என்கூட இருப்பாரா?

ஒரு கடையில் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. “பாபாகே நியே எஷோ.” அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாம்மா. அப்பாவுக்கு ராம் என்றால் சாமிதான் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அப்பா பி.எஃப்.-இல் எடுக்கப்போவது 36,000. அதற்கு மேல் ஒரு பைசா வராது. இரண்டாவது லேப்டாப்பும் வராது. அதனால்தான் முதலாவது கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 14, சனி

பாலிகஞ்ச் பெரியப்பா போன். அப்பாவின் அண்ணன், பேங்க் ஆபீசராக இருந்து ரிட்டையரானவர். (இனி பெ.பா.) அமெரிக்காவில் இருக்கும் அவர் மகன் போன தடவை வந்தபோது ஒரு லேப்டாப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது எனக்காம். 22,000-க்காம்.

அப்பா போனிலேயே சரி சொல்லிவிட்டார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். திரும்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்பா, அதுக்கு வாரண்டி இருக்கான்னு கேட்டியளா?”

“ஏட்டி, அண்ணன்கிட்ட போய் வாரண்டியா கேப்பாக?”

“கடைக்காரன்கிட்ட கேப்பமில்ல?”

“அவன் கடைக்காரன். இவுக என் அண்ணன்.”

“ரெண்டு பேரும் விக்கத்தானப்பா செய்யுதாங்க.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா அந்தத் தட்டில் மிச்சம் இருந்த சோற்றை எடுத்துத் தான் சாப்பிட்டாள்.

ஜூலை 15, ஞாயிறு

பாலிகஞ்ச். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. ஊரிலிருந்து வந்த புதிதில் அப்பா ஆறு மாதம் இந்த வீட்டு வராந்தாவில்தான் படுத்திருந்தார். ரயில்வே வேலைக்கு பெ.பா.தான் அப்ளிகேஷன் வாங்கிக்கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் அந்த வீட்டு சோபாவில் அப்பா நுனியில்தான் உட்காருகிறார்.

லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கனம். மூடித் திறக்கும் இடத்தில் ஒரு ‘கிறீச்’. சார்ஜர் பிளக்குக்கு அமெரிக்காத் தட்டை முள். ஓடவிட்டேன், பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் தோசைக்கல்.

“பொம்பளப் பிள்ளைக்கு டைப் அடிக்க இது போதும்” என்றார் பெ.பா. “வெளிய யார்கிட்டன்னாலும் முப்பதுக்குப் போகும். தம்பி மகளாச்சேன்னு குறைச்சிருக்கேன்.”

எனக்குக் கிடைத்திருப்பது டைப் அடிக்கிற படிப்பு இல்லை. அதைச் சொல்ல அப்பா விடவில்லை, கண்ணாலேயே அடக்கினார். பெரியம்மா கூப்பிட்டு எல்லோரும் சாப்பாட்டு மேஜைக்குப் போனபோது நான் மட்டும் பின்தங்கி, லேப்டாப்பைக் கவிழ்த்து அதன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பிறகு கைகழுவாமல் ஸ்பூனால் சாப்பிட்டேன். சாம்பார் சாதத்துக்கு ஸ்பூன்! பெரியம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 17, செவ்வாய்

அந்த லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத் தனியாகப் போனேன். டோக்கன் 31. இரண்டு மணி நேரம். கவுன்ட்டரில் ஒரு வங்காளி அக்கா, தடித்த கண்ணாடி. நம்பரை அடித்துப் பார்த்தாள். எரிந்து விழாமல் பொறுமையாகச் சொன்னாள்:

வாரண்டி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முடியாமல் இருந்திருந்தாலும் இந்தியாவில் செல்லாது. இந்த மாடல் இங்கே விற்பனைக்கே வரவில்லை, உதிரிப்பாகங்களை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். உள்ளே போர்டு போனால் பதினாறாயிரம், அதுவும் கிடைத்தால்.

“இதை பிரின்ட் எடுத்துத் தர முடியுமா திதி?” என்றேன். தந்தாள். “வாங்கிட்டியா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றதும், “வாங்காதே” என்று மெதுவாகச் சொன்னாள்.

வீட்டில் அப்பாவிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். படித்தார். நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “உள்ள வை. நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

வாக்குக் கொடுத்தது அவர். நான்கு வருடம் அதைக் கட்டிக்கொண்டு அழப்போவது நான்.

ஜூலை 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

அப்பா 22,000-ஐ மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பாலிகஞ்சுக்குக் கிளம்பினார். நானும் போனேன். பெரியம்மா உப்புமா கொண்டுவந்தாள். பெ.பா. லேப்டாப்பைத் துடைத்துத் தயாராக மேஜையில் வைத்திருந்தார். அப்பா பைக்குள் கையை விட்டார். நான் அதற்குள் தாளை எடுத்து லேப்டாப்பின் மேல் வைத்துவிட்டேன்.

“பெரியப்பா, இது எனக்கு வேண்டாம்.”

பெ.பா. கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். பேங்க்காரர், ஒரு வரி விடவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் கேட்டார்: “என்னல இது?”

அப்பா தரையைப் பார்த்தார்.

“அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பா. நான்தான் போய் விசாரிச்சேன்.”

“அப்ப என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லுத.”

“இல்ல பெரியப்பா. வாரண்டி இல்லன்னு சொல்லுதேன்.”

“உங்கப்பன் இந்த வீட்ல ஆறு மாசம் சோறு தின்னுருக்கான். நான் வாரண்டி கேட்டேனா?”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. காது மட்டும் கொதித்தது. “அதுக்கு நீங்க எப்ப சொன்னாலும் அப்பா ஓடி வாறாகல்லா? எனக்கு இந்த லேப்டாப் வேண்டாம்” என்றேன். உப்புமாத் தட்டைத் தொடாமல் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

மஞ்சள் பையை மடித்துப் பிடித்துக்கொண்டு அப்பாவும் பின்னாலேயே படியிறங்கி வந்தார். ஹவுரா பஸ்ஸில் கூட்டம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சொன்னார்: “மன்னிப்புக் கேக்காம நீ காலேஜுக்குக் கிளம்பக் கூடாது.”

“கேக்க மாட்டேன்ப்பா.”

பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். தமிழ் புரியாதுதான். குரல் புரிந்திருக்கும்.

ஜூலை 24, செவ்வாய்

அப்பா பேசுவதில்லை. “அவளை சாப்பிடச் சொல்லு”, “அவளை கதவை அடைக்கச் சொல்லு”. எல்லாம் சித்ரா வழியாக. அவளுக்கு ஒரே குஷி.

பி.எஃப்.-இல் எடுத்த 36,000 அப்படியே பீரோவில் இருக்கிறது. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

லேப்டாப்பே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? லேபில் நின்றுகொள்ளலாமா? பத்து நிமிடம் யோசித்தேன். சீ.

ஜூலை 26, வியாழன்

வெயில்! இரண்டு வாரத்தில் முதல் தடவை.

அப்பா யார்டுக்குப் போனதும் அம்மா பீரோவைத் திறந்தாள். பணத்தைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகினாள். “கிளம்புட்டி.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“சாயங்காலம் தெரியும்.”

லோக்கல் ரயிலில் ஜன்னலோரம். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். “ஒவ்வொரு வருஷப் பூஜைக்கும் உங்க பெரியம்மா எனக்கு ஒரு சேலை தாராள்லா? அவ கட்டிக் கழிச்சது. பத்தொன்பது வருஷமா நானும் சிரிச்சிட்டே வாங்கிக் கட்டுதேன். உனக்கும் அப்படி ஒண்ணு வர வேண்டாம்.”

அந்தச் சேலைகள் புதியவை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சாந்தினி. அந்தக் கறுப்பு, 34,000. நான் வாரண்டி அட்டையின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினாள். தண்ணீர் கொட்டினால் கிடையாது. கீழே விழுந்தால் கிடையாது. இரண்டாம் வருடத்திலிருந்து அட்டை இருந்தால்தான்.

அப்புறம் அம்மா பேரம் பேச ஆரம்பித்தாள். மீன் மார்க்கெட்டில் பழகிய வங்காளியில். கடைக்காரர் விலையை இறக்கவில்லை. “ஹோபே நா, பௌதி.” ஆகாது அண்ணி என்கிறார். அதற்குப் பதில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: இலவசப் பை, இலவச மவுஸ், திரை துடைக்கிற துணி, பாட்டுக் கேட்க ஹெட்போன். அம்மா அத்தனையையும் ஒரே கையால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“இதெல்லாம் வேண்டாம். வருஷத்தைக் கொடு.”

கடையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம். ஒரு தடவை எழுந்து படி வரைக்கும் போய்விட்டோம். கடைசியில் இரண்டு வருட அட்டையும் சேர்த்து 36,000. பை இல்லை, மவுஸ் இல்லை, ஒரு துணிகூட இல்லை. வருடம் மூன்று!

பில் எழுதும்போது, “அப்பா பேர்?” என்றார் கடைக்காரர். அம்மா என்னைக் காட்டினாள். கோமதி. அவர் வங்காளிக் கணக்கில் ‘கோமோதி’ என்று எழுதினார். அடித்துத் திருத்தி, பக்கத்தில் சீல் வைக்க வைத்தேன். பெயர் தப்பாக இருந்தால் வாரண்டி செல்லாது. எட்டாவது விதி.

நான்காம் வருடம்? அதற்குள் நானே கழற்றிப் பார்க்கக் கற்றுக்கொள்வேன்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள். நான் உள்ளே கதவுக்குப் பின்னால். அப்பா கத்துவார் என்று நினைத்தேன். “பில் வாங்குனியளா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 30, திங்கள்

மறுபடி மழை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்த அப்பா, லேப்டாப்பைத் தொடாமல், வாரண்டி அட்டையை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இங்கிலீஷ். எவ்வளவு புரிந்ததோ. நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

பெ.பா.வின் மிஸ்டு கால் மூன்று. அப்பா எடுக்கவில்லை. என்னிடமும் இன்னும் பேச்சு இல்லை.

ஆகஸ்ட் 4, சனி

ரயிலில் எழுதுகிறேன். அப்பா எதிர் சீட்டில் தூங்குகிறார்.

ஹவுராவில் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டோம். அப்பா தலையில் டிரங்குப் பெட்டி, என் தோளில் லேப்டாப். பை பழசுதான், ஷர்மிஷ்டா கொடுத்தது. பெட்டியை இறக்கி வைத்த அப்பா, பதிமூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார். “பெரியப்பாட்ட சொல்லிட்டுக் கிளம்பு.” போனில் நம்பரை அழுத்தி நீட்டினார்.

“பெரியப்பா, கோமதி பேசுதேன். காலேஜுக்குப் போயிட்டு வாறேன்.”

“அன்னைக்குப் பேசினதுக்கு முதல்ல மன்னிப்புக் கேளு.”

“சாப்பாட்டுத் தட்டை அப்படியே வச்சிட்டு வந்தேன், அது தப்பு. பெரியம்மாகிட்ட சொல்லிருங்க. ஆனா பேசினதுல தப்பு இல்ல பெரியப்பா. அதுக்குக் கேக்க மாட்டேன்.”

“போனை உங்கப்பன்ட்ட குடு” என்றார் பெ.பா.

அப்பா வாங்கினார். “ம்” என்றார். மறுபடி “ம்.” பெ.பா.வின் குரல் எனக்கே கேட்டது, இவ்வளவு செய்தேன், இன்னின்னது செய்தேன் என்று. அப்பா ஒரு கையால் டிரங்குப் பெட்டியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் மூச்சு வாங்க நின்றபோது சொன்னார்:

“இல்லண்ணே. அவ கேக்க மாட்டா. நானும் இனிமே அவளைக் கேக்கச் சொல்ல மாட்டேன். ரயில் வந்துட்டு, வைக்கேன்.”

போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரயில் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.